பன்னிரண்டு வெள்ளிப் பூட்டு

மீன் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் என் இடது செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

கோலா கெடாவிலிருந்து வரும் மீன் வேன் காலையில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் நிற்கும். போய், அரைக் கிலோ கெம்போங் மீன் பொறுக்கி எடுத்து, திரும்பி வர எனக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். அன்றும் அவ்வளவுதான். அதற்குள் என் வீட்டுக் கம்பிக் கதவு உள்ளேயிருந்து பூட்டப்பட்டிருந்தது.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் என் அக்கா பாக்கியம் நின்றார். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. முடியை இழுத்து உச்சியில் முடிந்திருந்தார். வேலைக்குப் போகும் நாட்களில் அவர் போட்ட முடிச்சு அது.

"அக்கா, கேட்ட தெறங்க."

"யாரு?"

"நான்தான், கமலா."

"வெட்டு இன்னும் முடியல. மணி அடிச்சப்புறம் வா."

"மீன் கெட்டுப்போயிரும்க்கா."

"மீன வூட்ல வச்சிட்டு வா. இங்க கொண்டாந்தா பூன வரும். புள்ளைங்க பயந்துக்கும்."

அவர் பேச்சில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. நான் மீனை வைக்க வேண்டிய வீடு அதுதான்.

நான்கு கதவு தள்ளியிருக்கும் ஹார்ட்வேர் கடையில் மீனைக் கொடுத்து, குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னேன். பிறகு வந்து வாசலில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்தார். "வா வா, ஏன் வெயில்ல ஒக்காந்திருக்க?" என்றார்.

அது முதல் தடவை. அன்று அதைச் சிரிப்புக் கதையாகத்தான் என் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

நாற்பது தலை

என் அக்கா ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். தோட்டம் தெரியாத இளைய வாசகர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதற்கு முன்பாகவே பெண்கள் கைக்குழந்தைகளையும் நடக்கிற பிள்ளைகளையும் கொண்டுவந்து ஒரு நீளக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால் எடுக்க ரப்பர் மரத்தில் வெட்டுப் போடப் போவார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சாரோங் தொட்டில்கள் தொங்கும். டின் பாலும் ஈரத் துணியும் கலந்த வாடை. பதினாறு வயதில் அக்கா அங்கே உதவி ஆயாவாகச் சேர்ந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும்வரை அங்கேயே இருந்தார். என்னையும் அவர்தான் அங்கே தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார். எனக்கு நினைவில்லை.

முதலில் கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. மரப்படலில் ஒரு கொக்கி மட்டும். ஒருநாள் மூன்று வயதுப் பையன் ஒருவன் கொக்கியைத் தூக்கிவிட்டு அம்மாவைத் தேடிப் போய்விட்டான். மூன்று மணி நேரம் கழித்துப் புல் வெட்டும் பெண்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மரத்தடியில், ரப்பர் பால் பிடிக்கும் காலி மங்குக் கிண்ணம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல்கூட இல்லை. இப்போது லாரி ஓட்டுகிறான். நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று மணி நேரத்தில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் ஆனது.

அக்கா தோட்ட அலுவலகக் கிராணியிடம் பூட்டு கேட்டார். கிராணி சிரித்தார். அக்கா அந்த மாதச் சம்பளத்தில் சொந்தமாக வாங்கி மாட்டினார். சாவி ஒன்றுதான், அது அவர் கழுத்துக் கயிற்றில். இன்னொரு சாவி கேட்ட பெரிய ஆயாவிடம் அவர் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசப்படும்: "சாவி ரெண்டு பேருகிட்ட இருந்தா அவ பாத்துக்குவான்னு இவ நெனப்பா, இவ பாத்துக்குவான்னு அவ நெனப்பா."

பிள்ளைகள் வரும்போது ஒருமுறை, பால் கொடுத்தபின் ஒருமுறை, தாய்மார் திரும்பும்போது ஒருமுறை. நாளுக்கு மூன்று தடவை நாற்பது தலை எண்ணுவார். ஆண்களை உள்ளே விடமாட்டார். பிள்ளையைத் தாய் கையில்தான் கொடுப்பார்.

இப்போது அக்காவுக்கு எழுபது தாண்டி சில வருடங்கள் ஆகின்றன. சுங்கை லாலாங்கில் என்னோடு இருக்கிறார். டாக்டர் ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாலையில் அவர் என் அக்கா. டிவி பார்ப்பார், என் சமையலைக் குறை சொல்வார். காலையில், வாரத்தில் இரண்டு மூன்று நாள், அவர் ஆயா.

நீங்கள் கேட்கப் போவது

நகல் சாவி செய்துகொண்டால் என்ன என்று கேட்பீர்கள். செய்தேன். என் கைப்பையில் இருந்ததை அக்கா மூன்றாம் நாள் கண்டுபிடித்து வாசல் லோங்காங்கில், சாக்கடையில், போட்டார். அடுத்த வாரமே கடைக்கு நடந்து போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தார்.

பூட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எடுத்தேன். அன்று அக்கா சாப்பிடவில்லை. கதவின் கம்பியைக் கையால் பிடித்தபடி ஐந்து மணி நேரம் நின்றார். கால் வீங்கிப் போனது. பின்கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறது. அதை அவர் முதல் வேலையாகப் போட்டுவிடுவார்.

பூட்டு இருக்கும் காலைகளில் அவர் நிம்மதியாக இருந்தார். பாட்டுக்கூடப் பாடினார். அதனால் பூட்டு இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு மணிவரை நான் வெளியே காத்திருந்தால் தீர்ந்தது.

வெல்டர் வந்த நாள்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெல்டர்

அன்று பன்னிரண்டு ஆகியும் கதவு திறக்கவில்லை. சாவியை எங்கே வைத்தார் என்று அக்காவுக்கு மறந்துவிட்டது. ஒரு மணி, இரண்டு மணி. அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மாத்திரையும் போடவில்லை. நான் அண்ணனைக் கூப்பிட்டேன். ராஜு அண்ணன் அலோர் ஸ்டாரில் இருக்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவர். அவர் பீடோங்கிலிருந்து ஒரு வெல்டரை அனுப்பினார்.

வெல்டர் அறுக்கும் இயந்திரத்தைக் கம்பிக் கதவில் வைத்தார். சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பொறி கதவுக்கு உள்ளே பறந்தது. அக்கா கூவினார். யாரோ கொட்டகையை உடைக்கிறார்கள் என்று நினைத்து, கண்ணுக்குத் தெரியாத நாற்பது பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். ஈரத் தரையில் விழுந்தார். வலது மணிக்கட்டில் விரிசல்.

மருத்துவமனை நடைபாதையில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"கமலா, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. அலோர் ஸ்டார்ல ஒரு முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன். நல்ல எடம்லா."

"நான் இருக்கேன்ல, அண்ணே."

"நீ இருக்க. கதவுக்கு வெளியில இருக்க."

அண்ணன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"அடுத்த தடவ அந்தக் கேட்ட அறுக்க வேண்டி வந்துச்சுன்னா, நான் கையெழுத்து போட்ருவேன். அப்புறம் நீ பேசக்கூடாது."

அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். நல்ல இடம்தான். குறை கண்டுபிடிக்கவே போனேன், கிடைக்கவில்லை. சுத்தம், வெளிச்சம், அன்பான பெண்கள். வாசல் சாவி அவர்கள் இடுப்பில் இருந்தது. அங்கே என் அக்காவுக்குப் பூட்ட ஒன்றும் இருக்காது. திரும்பி வரும் பஸ்ஸில் முடிவு செய்தேன்: அறுக்காமல், சத்தமில்லாமல், அந்தப் பூட்டைத் திறக்க நான் கற்றுக்கொள்வேன்.

நானே வெட்டிய வரி

முப்பது வருடம் ஒரு தமிழ் நாளிதழில் வேலை பார்த்தேன். முதலில் கெடா நிருபர், பிறகு துணையாசிரியர். துணையாசிரியர் மேசையில் ஒரு விதி உண்டு. திருட்டுச் செய்தியில் திருடன் எப்படி உள்ளே போனான் என்ற செய்முறையை எழுதக்கூடாது. நிருபர் எழுதி அனுப்பினாலும் வெட்டிவிட வேண்டும்.

ஒருமுறை நீதிமன்றத்தில் ஒரு திருடனிடம் மாஜிஸ்திரேட், "பூட்டை உடைக்காமல் எப்படித் திறந்தாய்?" என்று கேட்டார். அவன் மரியாதையாக, படிப்படியாக விளக்கினான். எங்கள் நிருபர் ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பியிருந்தார். நான் சிவப்புப் பேனாவால் ஒன்பது வரிகளை அடித்தேன். "அதன்பின் அவர் உள்ளே நுழைந்தார்" என்று ஒரே வரியில் முடித்தேன். அன்று அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

இப்போது அந்த ஒன்பது வரிகளும் எனக்குத் தேவைப்பட்டன.

தவறான மூன்று

பூட்டுக்குள் சின்னப் பித்தளை ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஒரு சுருள்கம்பி அழுத்திக்கொண்டிருக்கும். சரியான சாவி எல்லா ஊசிகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால், நடு உருளை சுற்றும். சாவி இல்லாதவர் வளைந்த கம்பி ஒன்றால் உருளையை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கம்பியால் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். ஊசி தன் இடத்தில் தங்கும்போது விரல் நுனிக்கு மிகச் சிறிய தட்டல் ஒன்று தெரியும். இவ்வளவுதான் வித்தை. மீதி எல்லாம் பழக்கம். பழகுவதற்கு எந்தப் பூட்டு என்பதில்தான் நான் ஒரு மாதத்தை வீணடித்தேன்.

முதலில் இணையத்தில் ஒரு கண்ணாடிப் பூட்டு வரவழைத்தேன். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். கூடவே பதினைந்து கம்பிகள் வந்தன. எனக்குப் பயன்பட்டவை இரண்டு. கண்ணாடிப் பூட்டைப் பத்து நிமிடத்தில் திறந்துவிட்டேன். துள்ளிக் குதிக்காத குறை. மறுநாள் ஒரு துணியை மேலே போட்டு மூடிக்கொண்டு முயன்றேன். ஒரு மணி நேரம் ஆகியும் திறக்கவில்லை. முதல் நாள் என் கண்தான் திறந்திருக்கிறது. விரல் ஒன்றும் கற்கவில்லை.

அடுத்து, பெரிய கடையில் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கினேன். கஷ்டமானதில் பழகினால் எளியது தானாக வரும் என்று ஒரு கணக்கு. அந்தப் பூட்டின் ஊசிகளுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும். உருளை கொஞ்சம் சுற்றி, திறந்துவிட்டது போல ஏமாற்றி, அங்கேயே நின்றுவிடும். இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். கட்டைவிரலில் காய்ப்பு விழுந்தது. நான் செய்வது சரியா தவறா என்றுகூட அது சொல்லவில்லை.

மூன்றாவது, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளி விலைக்கு மூன்று பூட்டு. கம்பியை விட்டு ஆட்டினாலே திறந்தன. ஒன்று மேசையில் தட்டியதும் திறந்தது. அதிலும் கற்க ஒன்றுமில்லை.

கடையில்

கடைசியில் நான்கு கதவு தள்ளியிருந்த ஹார்ட்வேர் கடைக்கே போனேன். கடைக்காரர் சீனர். அவருடைய அப்பா தோட்டத்துக் கடை வைத்திருந்தவர். அதனால் என்னைவிடச் சரளமாகத் தோட்டத் தமிழ் பேசுவார். எல்லோரும் அவரைத் தவுக்கே என்றே கூப்பிடுவோம்.

பித்தளைப் பூட்டுகள் அட்டையில் ஒட்டித் தொங்கின. ஒவ்வோர் அட்டையிலும் சாவி வெளியே தெரியும். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சாவியின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா கமலாக்கா, மத்தவங்க பூட்ட பாப்பாங்க. நீங்க சாவிய பாக்குறீங்க?"

"பல்லு ரொம்ப ஏத்த எறக்கமா இருந்தா பழகக் கஷ்டம், தவுக்கே. மொதல்ல சமமா இருக்கிறது வேணும்."

"எதுக்குப் பழகுறீங்க?"

சொன்னேன். அவர் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பெரியக்கா மாசத்துக்கு ரெண்டு பூட்டு வாங்குறாங்க. எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. வேணாம்னு சொன்னா கோவிச்சுக்கிறாங்க. ஒரு சாவிய நான் எடுத்து வச்சிக்கலாமான்னு பாத்தேன். அட்ட லேசா பிரிஞ்சிருந்தாலே தொட மாட்டேங்கிறாங்க."

"எந்தப் பூட்டு வாங்குறாங்க?"

அவர் காட்டினார். என் கையில் இருந்த அதே பூட்டு. பித்தளை, நடுத்தர அளவு, நான்கு ஊசி. விலை பன்னிரண்டு வெள்ளி.

எனக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஊசிகள் சாதாரண ஊசிகள். உருளை சற்றே தளர்வு. ஒவ்வோர் ஊசியும் இடத்தில் அமரும்போது விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தவறாகத் தூக்கினால் எல்லாம் உடனே விழுந்து, திரும்பத் தொடங்கச் சொன்னது. ஆட்டினால் மட்டும் திறக்கவில்லை. பல் சமமாக உள்ள ஒன்றும், ஏற்ற இறக்கமான ஒன்றும் ஆக இரண்டு எடுத்தேன். ஒன்றில் மட்டுமே பழகினால் கை அந்தப் பூட்டை மனப்பாடம் செய்துவிடும்.

தவுக்கே அன்றே மற்ற பூட்டுகளை மேல் தட்டுக்கு ஏற்றினார். அக்காவின் கைக்கு எட்டும் உயரத்தில் அந்த ஒரு வகையை மட்டும் தொங்கவிட்டார்.

பழகுவதற்கு இரண்டு கம்பிகளை வீட்டில் வைத்துக்கொண்டு, அதே மாதிரி வேறு இரண்டை அவர் கடையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் இருந்தால் பூட்டிய பிறகு எனக்கு எட்டாது. அப்படிப்பட்ட கம்பிகளோடு தெருவில் திரிவது சட்டப்படி வம்பு என்பதும் நீதிமன்றச் செய்தி எழுதியவளுக்குத் தெரியும். தவுக்கே அவற்றை ஒரு உறையில் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

"போலீஸ் கேட்டா நான் என்னா சொல்றது?"

"சொந்த வூட்லயே திருடப் போறாங்கன்னு சொல்லுங்க."

"அதுக்கு எத்தன வருஷம் போடுவாங்கலா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

ஒன்பதாம் நாள் முதல் பூட்டு திறந்தது. பூட்டின் வளையம் துள்ளி என் நகத்தில் அடித்தது. என் குறிப்பேட்டில் அந்த நாட்கள் இப்படி இருக்கின்றன: நாற்பத்தொரு நிமிடம். இருபத்தாறு. திறக்கவில்லை. பதினேழு. திறக்கவில்லை. ஒன்பது. மூன்று வாரத்தில் இரண்டு பூட்டும் ஐந்து நிமிடத்துக்குள் வந்தன.

மேசையில் பழகியவள்

அடுத்த முறை அக்கா பூட்டியபோது நான் கிட்டத்தட்ட சந்தோஷத்தோடு கடைக்கு நடந்தேன். உறையை வாங்கி வந்தேன். கதவின் முன் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன்.

எங்கள் ஊர்க் கம்பிக் கதவுகளில் பூட்டு உள்பக்கம்தான் தொங்கும். அறுக்க வருகிறவனுக்குக் கை எட்டக்கூடாது என்று சுற்றிலும் ஒரு தகடு வைத்து, கை நுழைய ஒரு ஓட்டை மட்டும் விட்டிருப்பார்கள். சாவித் துவாரம் தரையைப் பார்த்து இருக்கும். இருபது வருடமாக நாள்தோறும் அந்த ஓட்டைக்குள் கைவிட்டுப் பூட்டியவள் நான். பழகியதோ சாப்பாட்டு மேசையில், விளக்குக்குக் கீழே, துவாரத்தை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு.

ஒரு கை ஓட்டை வழியாக. மறு கை பக்கத்துக் கம்பிகளின் இடுக்கு வழியாக. பூட்டு ஊசலாடியது. மேலே தூக்க வேண்டிய ஊசி எது, கீழே எது என்று ஒன்றும் விளங்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வளைந்த கம்பி கைநழுவி உள்ளே விழுந்தது. அக்கா அதை எடுத்துப் பார்த்தார்.

"புள்ளைங்க வாயில போட்டுக்கும். யாரு இத இங்க போட்டது?"

"தெரியலக்கா."

"கண்டவங்கள இந்தப் பக்கம் விடாத," என்று சொல்லி அதைத் தன் துண்டில் முடிந்துகொண்டார். நல்ல வேளை, அன்று பன்னிரண்டுக்கு அவரே திறந்தார்.

மறுநாள் பயிற்சியை மாற்றினேன். சமையலறை ஜன்னல் கம்பிக்கு வெளிப்புறம், துவாரம் கீழே பார்க்கும்படி பூட்டைத் தொங்கவிட்டேன். மதியம் அக்கா கண் அயர்ந்ததும் தொட்டியருகே நின்று, இரண்டு கையையும் கம்பி வழியாக வெளியே விட்டுப் பழகினேன். ஊசலாடும் பூட்டை மோதிர விரலால் கம்பியோடு அழுத்திப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. கண்ணை மூடிக்கொள்ள ஒரு வாரம் ஆனது. முப்பது வருடம் கண்ணை வைத்துப் பிழைத்தவளுக்கு அதுதான் கடினம். எங்கே தெரியாதோ அங்கேயும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மதியம் அக்கா எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"என்னா பண்ற? பூனைக்குச் சோறு வைக்கிறியா?"

"ஆமாக்கா."

"வைக்காத. பழகிரும்."

குறிப்பேட்டில் எண்கள் மறுபடியும் நாற்பதிலிருந்து தொடங்கின. மழைக்காலம் முடியும்போது ஏழுக்கு வந்திருந்தன.

பத்தரை மணி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரிலிருந்து திரும்பினேன். வாசலில் அண்ணனின் கார் நின்றது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு பூட்டியிருந்தது.

"எவ்ளோ நேரமா இப்படி?" என்றார்.

"இப்பத்தான் போனேன், அண்ணே. அரை மணி நேரம் இருக்கும்."

"மோந்து பாரு."

பால் தீயும் வாடை. அக்கா பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சியிருக்கிறார். அடுப்பு எரிகிறது. அவர் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, காற்றில் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! அடுப்ப அணைங்க!" என்று அண்ணன் கத்தினார்.

அக்கா திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். புள்ளை தூங்குகிறதாம்.

அண்ணன் தொலைபேசியை எடுத்தார். வெல்டரின் எண்ணை அழுத்தினார். "வாங்க. அதே வீடுதான். சீக்கிரம் வாங்க," என்றார். சட்டைப்பையில் அந்தக் காகிதம் மடித்தபடியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சொன்னேன்ல, கமலா."

"பீடோங்கிலேருந்து வர அவருக்குக் கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் என்னய விடுங்க."

"நீ என்னா செய்யப் போற?"

நான் கடைக்கு நடந்தேன். ஓடவில்லை, ஓடினால் கை நடுங்கும். தவுக்கே என் முகத்தைப் பார்த்ததும் உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே விழுந்த கம்பிக்குப் பதில் வேறொன்று வைத்திருந்தேன்.

கதவின் முன் மண்டியிட்டேன். சிமெண்டு முழங்காலைச் சுட்டது. வலது கை ஓட்டைக்குள், இடது கை இடுக்கில். மோதிர விரலால் பூட்டை அழுத்தினேன். கண்ணை மூடினேன்.

மூன்றாவது ஊசி முதலில் இறுகியிருந்தது. தூக்கினேன். தட்டல். பிறகு முதலாவது. தட்டல். அண்ணன் என் தலைக்கு மேலே மூச்சு விடுவது கேட்டது.

"நான் தீயணைக்கிற போம்பாவுக்கு வேணும்னா..."

"பேசாதீங்க, அண்ணே."

எல்லாம் விழுந்துவிட்டன. திருகல் கூடிவிட்டது. வாடை இப்போது பால் வாடை இல்லை, பாத்திர வாடை. கையை எடுத்து ஒருமுறை பாவாடையில் துடைத்தேன். மறுபடியும் மூன்றாவது. முதலாவது. நான்காவது. இரண்டாவது நிற்க மறுத்தது. முடி அளவு தூக்கினேன். இன்னொரு முடி.

வளையம் என் உள்ளங்கைக்குள் துள்ளியது. சத்தமே இல்லை. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தேன். பாத்திரத்தின் அடி கறுத்துப் போயிருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அக்கா எழுந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் யார் என்று தேடுகிறார் என்று நினைத்தேன்.

"பால தீய விட்டுட்டு எங்க போன நீ? ஒன்ன நம்பி ஒரு வேல குடுக்க முடியுதா?"

"தப்புத்தாங்க்கா."

"புள்ளைங்களுக்கு வேற பால் காய்ச்சு. மொதல்ல அந்தக் கேட்ட பூட்டு. தெறந்து கெடக்கு பாரு."

அண்ணன் ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். அக்கா விறுவிறுவென்று போய் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். கட்டுப் பிரித்த வலது கை.

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது. ஒம் பொண்டாட்டிய அனுப்பு. வெட்டு முடியட்டும், குடுக்குறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு அறுபத்தேழு வயது. அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர். கதவைப் பிடித்துக்கொண்டு நான் அவர் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் காலைப் பின்னால் எடுத்தார்.

நான் பூட்டை மாட்டி அழுத்தினேன்.

அக்கா அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு கூடத்தில் நின்று, விரலை நீட்டி, உதடு அசைய எண்ணத் தொடங்கினார். நான் வேறு பாத்திரம் எடுத்து அடுப்பில் வைத்தேன். சமையலறையிலிருந்து வாசல் தெரியும்.

வெல்டரின் மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. அவர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்தார். பூட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

"வேணாம், தெறந்தாச்சு," என்றார் அண்ணன்.

"எங்க தெறந்துச்சு, அண்ணே? பூட்டித்தானே இருக்கு?"

அண்ணன் கார்க் கதவைத் திறந்து, நிழலில் இருந்த இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருக்கட்டும். வெட்டு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. நீங்க போங்க."